கார்டு இடத்துக்கு ஏற்றவர் அல்ல

உங்கள் விசாரணை அறிக்கையைத் தட்டச்சு செய்தவருக்கு முதலில் என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள். பதினோரு பக்கத்தில் ஓர் அடித்தல் இல்லை. ஓரம்கூட எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவு. அம்பத்தூர் எஸ்டேட்டில் இப்படி ஒரு காகிதத்தைப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

ஆனால் அதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. விசாரணை முடிந்துவிட்டது, என்னை யாரும் கூப்பிடவில்லை என்பதெல்லாம் தெரியும். இருந்தாலும் தப்பான காகிதம் கோப்புக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என் வழக்கமில்லை. பத்தொன்பது வருஷமாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கம்பெனிக் கூடைப்பந்து அணியின் மேனேஜரும், விளையாட்டுக் கமிட்டியின் செயலாளரும் நான்தான். இரண்டும் சம்பளமில்லாத பதவிகள். விசில் மட்டும் கம்பெனி கொடுத்தது.

முதல் பிழை ஏழாம் பக்கத்தில். இறுதி ஆட்டத்தன்று தரையில் மணல் கிடந்தது, அதனால்தான் நம் ஆட்டக்காரன் வேம்புலி வழுக்கி விழுந்தான், அது தரை கூட்டும் துலுக்கானத்தின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். துலுக்கானம் மூன்று வாரமாகத் தற்காலிக வேலை நீக்கத்தில் இருக்கிறான். அன்றைக்கு அவன் தரையை இரண்டு முறை கூட்டினான். பிறகு நனைத்த கோணியைப் போட்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்தான். சிமெண்ட் தரை என்றால் அப்படித்தான் செய்யவேண்டும். நான் கூடவே நின்று பார்த்தேன். மணல் ஒரு பொட்டு இல்லை.

இரண்டாவது பிழை ஒன்பதாம் பக்கத்தில். அதுதான் பெரியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால் மற்றது புரியும். லேத்தில் கடைந்த இரும்பு ஷாஃப்ட் வரும். அளப்பேன். அளவில் இல்லையென்றால் சிவப்புச் சீட்டு கட்டுவேன். ஆனால் சீட்டு கட்டினால் மட்டும் போதாது. எண்ணிக்கை குறைகிற ஷிஃப்டில் யாராவது சீட்டை அவிழ்த்து, பீஸை நல்ல பெட்டியில் போட்டுவிடுவார்கள். அதனால் சீட்டு கட்டின கையோடு சுத்தியால் பீஸின் முகத்தில் ஒரு தட்டு. அதற்குப் பிறகு அதை யாரும் நல்ல பீஸ் என்று சொல்ல முடியாது. நான் கட்டின சீட்டு ஒன்றுகூட இதுவரை அவிழ்க்கப்பட்டதில்லை. வேண்டுமானால் பதிவேட்டைப் பாருங்கள்.

வேம்புலி இந்த எண்பத்தெட்டு ஜனவரியில் சேர்ந்தான். முத்தாபுதுப்பேட்டைப் பையன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆறு மாதத் தற்காலிக வேலை, ஜூன் முப்பதோடு முடியும். நிரந்தரம் ஆவதும் ஆகாததும் அணிக்கு அவன் தேவையா என்பதைப் பொறுத்தது. அவன் அம்மா கெங்கம்மாள் நாற்று நட்டுக்கொண்டிருந்த நிலமெல்லாம் மனையாகிவிட்டது. இப்போது ஒரு பிஸ்கட் கம்பெனியில் டப்பா கழுவுகிறாள். பையன் சேர்ந்த வாரமே ஒரு கட்டு முருங்கைக்காயோடு திருமுல்லைவாயிலில் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எனுக்கு இன்னா தெரியும் சார். நீங்கதான் பாத்துக்கணும். இந்த வேல நெலச்சாத்தான் ஊட்ல அடுப்பு எரியும் சார்" என்றாள்.

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். முருங்கைக்காய் நல்ல சதைப்பற்று.

வேம்புலி ஆறடி இரண்டங்குலம். ஃபார்வர்டு, அதாவது வளையத்துக்குப் பக்கத்தில் நின்று எகிறிப் பந்தைப் பிடித்துப் போடுகிறவன். நம்மிடம் ஏற்கெனவே நிரந்தர ஃபார்வர்டுகள் மூன்று பேர். மூன்றாவது ஆளே அதிகம். பிப்ரவரியில் வரதனுக்கு வங்கி வேலை கிடைத்துப் போனான். வரதன் கார்டு. பின்னாலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யார் எங்கே போகவேண்டும், பந்து யாருக்குப் போகவேண்டும் என்று தீர்மானிக்கிறவன். அணிக்கு மூளை அந்த இடம்தான். காலியாக இருந்ததும் அந்த ஓர் இடம்தான்.

வேம்புலியையே அங்கே போடலாம் என்றவன் கேப்டன் தங்கவேல். இதற்காகக் கமிட்டி கூடியது. பொது மேலாளர் தலைமை. அவர் பந்தைத் தொட்டதில்லை, ஆனால் தலைமைத்துவம் பற்றி இருபது நிமிஷம் பேசினார். போண்டா வந்ததும் முடித்தார். பிறகு என் தொழில்நுட்பக் கருத்தைக் கேட்டார்கள்.

நானும் கூடைப்பந்து ஆடியவன் இல்லை. ஆடுகிறவனுக்கு ஒரு பக்கச் சாய்வு வந்துவிடும், அளப்பவன் வெளியே இருக்கவேண்டும் என்பது என் கொள்கை. மூன்று நாள் நடுவர் முகாமில் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். வட்டாரத்தில் பெயர் பெற்ற ஒன்பது கார்டுகளின் உயரத்தைக் குறித்து வைத்திருந்தேன். ஒருவனும் ஐந்தடி ஒன்பதைத் தாண்டவில்லை. வேம்புலியின் உள்ளங்கை அகலத்தை, ஷாஃப்ட் அளக்கிற வெர்னியர் அளவுகோலை வைத்தே அளந்தேன். கை நீளத்தையும் எடுத்தேன். உயரமானவன் தட்டுகிற பந்து தரைக்கும் கைக்கும் நடுவில் அதிக நேரம் இருக்கும், அந்த நேரத்தில் எதிராளி பறித்துவிடுவான். இது கணக்கு. கமிட்டிப் பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன்: 'புதிதாகச் சேர்ந்த வேம்புலி கார்டு இடத்துக்கு ஏற்றவர் அல்ல. இனி ஆவதற்கும் இல்லை.' கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன்.

தங்கவேல் விடவில்லை. எஸ்டேட் கோப்பை ஆட்டங்கள் வருகின்றன, அதில் போட்டுப் பார்க்கலாம் என்றான். பொது மேலாளருக்கு முடிவைத் தள்ளிப்போடுவது எப்போதுமே பிடிக்கும். சரி என்றார்.

முதல் ஆட்டத்தில் வேம்புலியிடமிருந்து ஏழு முறை பந்தைப் பறித்தார்கள். நான் குறித்து வைத்தேன். அடுத்த ஆட்டத்தில் நாலு. அதற்கடுத்து ஒன்று. அவன் வேலை முடிந்து தினமும் பெயிண்ட் டப்பாக்களை வரிசையாக வைத்து, முழங்கால் உயரத்துக்கு மேல் பந்தை எழும்ப விடாமல், ஒடுங்கிக் குனிந்தபடி தட்டிக்கொண்டு போவான். உயரமானவன் அப்படிக் குனிந்தால் பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் நிமிர்ந்ததும் எல்லார் தலைக்கும் மேலே அவனுக்கு மைதானம் தெரிந்தது. குட்டைக் கார்டுக்குத் தெரியாத வழியெல்லாம் தெரிந்தது. ஐந்து ஆட்டம் ஜெயித்தோம்.

கேண்டீனில் பேச்சு ஆரம்பித்தது. நான் டிபன் டப்பாவைத் திறந்தால் இட்லியை அளந்தாச்சா என்பார்கள். தங்கவேல் எல்லார் எதிரிலும் கேட்டான்:

"இன்னா சார், உங்க வெர்னியரு இப்ப இன்னா சொல்து? ஆயில் கீயில் உட்டுப் பாத்தீங்களா?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேம்புலி மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா இரு அண்ணாத்தே, சார் சொன்னதாலதான் நான் குனிஞ்சி ஆடக் கத்துக்கினேன்" என்றான். அது உண்மையான மரியாதை என்று இப்போதும் நினைக்கிறேன். அன்றைக்கு அது எனக்குத் தங்கவேலின் கேலியைவிட அதிகமாக வலித்தது.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் பொது மேலாளர் கூப்பிட்டார். பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, நான் எழுதினதை என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கோப்பை வந்தால் பையனுக்கு நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போடப்போவதாகச் சொன்னார். அதற்கு முன்னால் அடுத்த கூட்டத்தில் இந்தக் குறிப்பை நானே அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுவிடவேண்டும், கோப்பில் முரண்பாடு இருக்கக்கூடாது பாருங்கள் என்றார். அவர் கெட்டவர் இல்லை. பென்சிலைச் சீவிக்கொண்டேதான் சொன்னார்.

ஜூன் பதினெட்டு, மாலை நாலரை. ஆவடிக்காரர்களோடு ஆட்டம். துலுக்கானம் கோணியை இழுத்துவிட்டுத் தேநீருக்குப் போனான். நான் பொழுதுபோக்கு அறையிலிருந்து கேரம் பவுடர் டப்பாவை எடுத்து வந்திருந்தேன். அந்த அறையின் சாவியும் என்னிடம்தான் இருக்கும். முதல் பாதியில் நாம் பந்து போடப்போகிற முனையில், இலவச எறிக்கோட்டை ஒட்டி, வேம்புலி வழக்கமாகச் சட்டென்று நின்று திரும்புகிற இடத்தில் ஒரு தேக்கரண்டி தூவிக் காலால் பரப்பினேன். சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளை தெரியாது. ஃபார்வர்டு அந்த இடத்தில் நின்று திரும்பவே மாட்டான். கார்டுக்கு மட்டும்தான் அங்கே வேலை.

இது ஒரு சோதனை. உண்மையான கார்டு தரையைக் கண்ணால் பார்ப்பதில்லை, காலால் அறிவான். கண் மற்றவர்கள்மேல் இருக்கும். வேம்புலி உண்மையான கார்டு இல்லையென்றால் அது அங்கே தெரிந்துவிடும். அளந்து பார்க்காமல் எதையும் சொல்லக்கூடாது இல்லையா.

மூன்றாவது நிமிஷம் அவன் அங்கே வந்தான். கால் ஓரங்குலம் நகர்ந்தது. உடனே எடையை மற்றக் காலுக்கு மாற்றி, பந்தை விடாமல் தாண்டிப் போய்விட்டான். அப்புறம் பாதி முடியும்வரை அந்த இடத்தில் கால் வைக்கவில்லை. மற்றவர்களையும் கைகாட்டி ஒதுக்கினான். ஒருவரும் விழவில்லை. நாம் ஆறு புள்ளி முன்னால் இருந்தோம்.

இடைவேளையில் நேராக என்னிடம் வந்தான். வேர்வை சொட்டியது.

"சார், அந்தப் பக்கம் கோட்டாண்ட வழுக்குது. இன்னாவோ கொட்டிக்கீது. இப்ப ஆவடிப் பசங்கதான் அங்க போவப்போறாங்க, எவனாவது உழுந்து வாரிக்கப் போறான். கொஞ்சம் தொடைக்கச் சொல்றீங்களா?"

நானே துடைக்கிறேன் என்றேன். பிறகு, சாதாரணமாக, அடுத்த பாதியில் எந்த இடத்தில் நின்று திரும்பப் போகிறாய் என்று கேட்டேன்.

"உங்களாண்ட சொல்றதுக்கு இன்னா சார். தார் பூசின வெடிப்பு கீதே, அதுக்கு ஒரு அடி முன்னால. அவுங்க கார்டு என்னிய ஒட்டிகினே ஓடியாறான். நான் அங்க பிரேக் அடிச்சா அவன் தாண்டிப் பூடுவான். கடைசில வெச்சிக்கலாம்னு கீறேன். யாராண்டயும் சொல்லல."

கோணியை எடுத்துக்கொண்டு போய் முதலில் அந்த முனையைத் துடைத்தேன். சுத்தமாகத் துடைத்தேன். ஆவடிப் பிள்ளைகள் விழுந்து அடிபடுவதில் எனக்கு என்ன லாபம். நான் கொடுமைக்காரன் இல்லை. பிறகு கோணியோடு மறுமுனைக்கு நடந்தேன். தார் பூசின வெடிப்புக்கு ஒரு அடி முன்னால் குனிந்தேன். டப்பாவில் மிச்சம் இருந்தது அரைக்கால் பாகம். எல்லாவற்றையும் போட்டேன். துடைப்பது போலவே கோணியின் காய்ந்த பக்கத்தால் தேய்த்தேன். கூட்டத்தில் யாரோ, மேனேஜர் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று சொன்னது காதில் விழுந்தது.

இந்த இரண்டாவது தடவையைச் சோதனை என்று நான் சொல்லமாட்டேன். சோதனையில் அவன் தேறியிருந்தான். சீட்டு கட்டின பீஸ் நல்ல பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் பாதியில் அவன் அந்த இடத்துக்கு வரவே இல்லை. பத்தொன்பது நிமிஷம் வரவில்லை. மற்றவர்கள் அதை ஓட்டத்தில் தாண்டிப் போனார்கள், யாரும் அங்கே நின்று திரும்பவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆவடிக்காரர்கள் எட்டிப் பிடித்து ஒரு புள்ளி முன்னால் போனார்கள். தார் வெடிப்பை நான் பார்க்காமல் இருக்கப் பழகினேன். ஒரு கட்டத்தில், அவன் மறந்துவிட்டான், வராமலே ஆட்டம் முடிந்துவிடும் என்று தோன்றியது. அப்போது எனக்கு ஏற்பட்டது நிம்மதியா ஏமாற்றமா என்று கேட்டால், இந்த ஒரு விஷயத்தில் என்னிடம் அளவு இல்லை.

ஒன்பது வினாடி இருக்கும்போது வந்தான். முழு வேகம். ஒட்டிக்கொண்டு ஆவடிக் கார்டு. வெடிப்புக்கு ஒரு அடி முன்னால் வலது காலை ஊன்றினான். என்னிடம் சொன்ன அதே இடம், ஓரங்குலம் பிசகவில்லை. நான் துடைத்த தரைதானே என்று நம்பி முழு எடையையும் வைத்தான்.

ஷாஃப்ட் முறிகிற சத்தம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. ஈரத்துணியைக் கிழிப்பது போல இருந்தது. முழங்கால் ஒரு பக்கமும் பாதம் ஒரு பக்கமும் போயின. விழுந்துகொண்டிருக்கும்போதே பந்தைத் தள்ளினான். அது இரண்டு பேருக்கு நடுவில் போய், வளையத்தின் கீழே தனியாக நின்ற தங்கவேலின் கையில் உட்கார்ந்தது. தங்கவேல் போட்டான். ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.

ஆட்டோ பிடித்து அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான். அவன் தலை என் மடியில் இருந்தது. 'தரை சரியாத்தானே சார் இருந்துச்சு?' என்று ஒரு முறை கேட்டான். சரியாகத்தான் இருந்தது என்றேன். கெங்கம்மாள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்கள் இல்லையென்றால் என் பிள்ளையை யார் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள் என்று அழுதாள். கையில் அப்போதும் கொஞ்சம் பவுடர் இருந்தது. கழுவ நேரமில்லை. முட்டியில் அறுந்தது ஒட்டாது, கம்பு இல்லாமல் நடந்தாலே பெரிது என்று டாக்டர் சொன்னார். ஜூன் முப்பதோடு அவன் வேலை தானாக முடிந்தது. அதில் கையெழுத்துப் போட யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

ஆகவே முதல் பிழை. மணல் இல்லை, கேரம் பவுடர். துலுக்கானம் இல்லை, நான். தெரிந்தே, இடத்தைக் கேட்டு வைத்துக்கொண்டே செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். துலுக்கானத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அவன் நல்ல வேலைக்காரன். என்னைப் போலீசில் ஒப்படைப்பதானாலும் சரிதான். டப்பா என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. எறியவில்லை, கம்பெனிப் பொருள்.

இரண்டாவது பிழைதான் எனக்கு முக்கியம். ஒன்பதாம் பக்கம், நாலாவது வரி. 'வேம்புலி கார்டு இடத்தில் சிறப்பாக ஆடிக்கொண்டிருந்தபோது' என்று இருக்கிறது. 'சிறப்பாக' என்ற சொல்லை அடித்துவிடுங்கள். கோபத்தில் சொல்லவில்லை. கமிட்டிப் பதிவேட்டில் நான் எழுதினதை யாரும் அடிக்கவில்லை, அது அப்படியேதான் இருக்கிறது. அவன் அந்த இடத்துக்கு ஏற்றவன் அல்ல, இனி ஆவதற்கும் இல்லை. நம்பிக்கை இல்லையென்றால் முத்தாபுதுப்பேட்டைக்கு ஆள் அனுப்பி விசாரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பிறகு அவன் கார்டு இடத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.