தொட்டிக்குப் போன காற்று

இறால் குஞ்சுகளைத் தட்டையான அடி உள்ள தொட்டியில் வளர்க்கக் கூடாது, ஐயா. உருண்டைத் தொட்டிதான் சரி. மூலையில் ஒதுங்கினால் நீளக் கால்கள் ஒன்றோடொன்று சிக்கிச் செத்துவிடும். அடியிலிருந்து காற்றுக் குமிழ் ஓயாமல் வந்து அவற்றை மிதக்க வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இது தெரியாமல்தான் எங்கள் ஊர் போன்ஸேயில் எத்தனையோ பேர் ஆசையாக ஆரம்பித்துக் கைவிட்டார்கள்.

நான் விடவில்லை. முதுகில் வெள்ளைக் கோடும் வெள்ளை மீசையுமாக ஒரு சிவப்பு இறால் ஜோடி என்னிடம் இருந்தது. அவை முட்டையிடாத மாதம் இல்லை. குஞ்சுகள்தான் தேறவில்லை. தோல் உரிக்கும், மறுபடியும் உரிக்கும், ஆனால் இறாலாக மாறித் தரையில் கால் ஊன்றாது. இந்த முறைதான் ஒரு கைப்பிடி மிஞ்சி, இன்றைக்கோ நாளைக்கோ மாறிவிடும் என்ற நிலையில் இருந்தன. புயல் வந்தது அப்போதுதான்.

என் கணவர் எலியூத்துக்கு நுரையீரல் போய்விட்டிருந்தது. மூக்கில் குழாய், கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின். அது வருஷக்கணக்காக உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறி அவர் குரல் கேட்கும். குஞ்சுகளைக் கொசு என்றுதான் சொல்வார்.

"அடியே மிக்தாலியா, உன் கொசுங்களுக்கு ஊட்டியாச்சா? ஆச்சுன்னா எனக்கும் ரெண்டு கரண்டி போடு. நானும் இந்த வீட்லதான் இருக்கேன்."

சோறும் பீன்ஸும் கொண்டுபோய் வைத்தால், "தொட்டித் தண்ணிக்கு மட்டும் அளந்து அளந்து உப்புப் போடற, என் பீன்ஸுக்குன்னா கை வராது" என்பார். விளையாட்டாகத்தான் சொல்வார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

விளக்கு எரியாவிட்டாலும் ஃபேன் ஓடாவிட்டாலும் நாம் சொல்வது ஒன்றுதானே, வெளிச்சம் போய்விட்டது என்று. புயலோடு வெளிச்சம் போய்விட்டது. ஒர்லாந்தோவிலிருந்து மகன் அப்பாவுக்காக அனுப்பிய பாட்டரி ஒன்று இருந்தது. கூரையில் சின்ன சோலார் தகடு. முதல் நாள் மெஷினையும் தொட்டியின் காற்றுப் பம்பையும் சேர்த்துப் போட்டேன். மத்தியானத்தோடு இரண்டும் நின்றுவிட்டன. அவருக்கு மிச்சமிருந்த கடைசி ஆக்சிஜன் சிலிண்டரை வைத்து அன்றைய பகலையும் இரவையும் ஓட்டினேன், அதுவும் தீர்ந்தது. தொட்டிக்கு எதை வைத்து ஓட்டுவது? குஞ்சுகள் அடியில் குவிந்து ஒன்றையொன்று தின்ன ஆரம்பித்திருந்தன. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் வெயில் ஏறியதும் பாட்டரி கொஞ்சம் தேறியது. மெஷின் குடிக்கிற கரண்டுக்கு ஈடுகொடுக்க முடியாது. பம்பை மட்டும் போட்டால் நாள் முழுக்க ஓடும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலில் வெந்நீர் கொட்டியவள் மாதிரி இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்தேன். மெஷினின் பிளக்கைப் பிடுங்குவேன், தொட்டியைப் போய்ப் பார்ப்பேன், திரும்பி வந்து செருகுவேன், மறுபடியும் பிடுங்குவேன். அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அதையும் பார்த்தேன்.

அன்செல்மோ உங்களிடம் சொன்னது சரிதான். பக்கத்து வீட்டுக்காரர், ஜெனரேட்டர் வைத்திருப்பவர். அன்று காலை வேலியோரம் வந்து நின்றார்.

"அக்கா, வெளிச்சம் இருக்கா? இல்லேன்னா சொல்லுங்க, ஒரு வயர் இழுத்துத் தரேன். அண்ணனுக்கு மெஷின் ஓடணுமே."

"இருக்கு தம்பி."

"நெசமாவா? கூச்சப்படாதீங்க."

"இருக்குப்பா. நீ உன் வீட்டைப் பாரு."

நான் பொய் சொல்லவில்லை. பாட்டரியில் அப்போது கொஞ்சம் இருந்தது. அவர் கேட்டதும் அதைத்தான். தவிர, வயர் எட்ட வேண்டுமென்றால் ஜெனரேட்டரை வேலிப்பக்கம் தள்ளி வைக்க வேண்டும். தொட்டி இருக்கிற அறையின் சன்னல் அங்கேதான். புகையைப் பம்பு இழுத்துத் தண்ணீரில் விட்டால் குஞ்சுகள் தாங்காது. சன்னலைச் சாத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சாத்தியிருக்கலாம்.

உள்ளே போய் மெஷினின் பிளக்கை எடுத்தேன்.

"என்னடி, மறுபடியும் அதுங்களுக்கா?"

"கொஞ்சம் பொறுங்க. உங்களுக்கு வாய் இருக்கு, கேக்கறீங்க. அதுங்களுக்கு இல்ல."

"கேக்கறேன்டி," என்றார். "இப்பக் கேக்கறேன்."

அவர் எதையும் அவ்வளவு மெதுவாகக் கேட்டதில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து தொட்டியருகே உட்கார்ந்தேன். கட்டில் சட்டத்தைத் தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. நான் குஞ்சுகளுக்கு இரை விட்டுக்கொண்டிருந்தேன். பிறகு வீடு அமைதியானது. அந்த மெஷின் சத்தம் இல்லாமல் எங்கள் வீடு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. காப்பி போட்டுக் குடித்தேன். குடித்து முடித்துவிட்டுத்தான் அவரைப் போய்ப் பார்த்தேன், அதன் பிறகுதான் அன்செல்மோவைக் கூப்பிட்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பாட்டரி தீர்ந்து அவர் சாகவில்லை. பிளக்கை நான்தான் பிடுங்கினேன், அவர் கேட்டும் திரும்பச் செருகவில்லை. ஆனால் அவர்மேல் இருந்த வெறுப்பில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அது உண்மை இல்லை. அந்தச் சின்ன உயிர்களுக்காகச் செய்தேன். அவற்றுக்கு என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள்?

குஞ்சுகளைப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். பார்க்க ஒன்றும் இல்லை, ஐயா. அடக்கம் முடிந்து வந்தபின் நன்றாகத் தூங்கினேன், நன்றாகச் சாப்பிட்டேன். அந்த அறைப் பக்கம் போகவே தோன்றவில்லை. அடுத்த வாரம் கதவைத் திறந்தபோது பம்பு ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர் தெளிவாக இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. இரை போட மறந்துவிட்டேன்.