அறிவித்தலில் விடுபட்ட பேர்

இல்லை அண்ணை, நீங்கள் முன்னுக்குப் போங்கோ. எனக்கு அவசரமில்லை. மூண்டு பேரை விட்டிட்டன், நீங்கள் நாலாவது. ஓல்னேயிலையிருந்தே வந்தனீங்கள்? ஞாயிற்றுக்கிழமை ட்ரெயின் அப்பிடித்தான்.

வாக்குச் சீட்டிலை கேள்வியை வாசிச்சனீங்களோ? ஓம், எங்கடை ஊர்ச் சங்கத்தின்ரை மரண உதவிக் காசுதான். ஆரும் நெருப்பிலையோ விபத்திலையோ மற்றவையைக் காப்பாத்தப் போய்ச் செத்தால், தாலி கட்டாட்டிலும் கூட வாழ்ந்த ஆளுக்குக் குடுக்கலாமோ எண்டு. ஓம் எண்டு வந்தால் கரிகாலனிலையிருந்துதான் குடுக்கத் துவங்குவினம். ஓம் எண்டதுக்கு நேரை ஒரு புள்ளடி, அவ்வளவுதான். என்ரை பேனையைப் பிடியுங்கோ, அங்கை இருக்கிறது எழுதாது.

கரிகாலனை நேரிலை தெரியாதோ, அறிவித்தலிலை பாத்ததுதானோ? செவ்ரானிலை பொம்பியேயாய், நெருப்பணைக்கிற வேலையிலை இருந்த பொடியன். தை மாசம் ஒரு மாடிவீட்டிலை நெருப்பு. ரெண்டு பிள்ளையளை இறக்கிப்போட்டுத் திரும்ப ஏறினவன். கூரை விழுந்திட்டுது.

ஓம், உள்ளுக்கை கதிரையிலை கைக்குழந்தையோடை இருக்கிறவள்தான். மனோன், பிரெஞ்சுப் பெட்டை. அவனோடை ஆறு வருசம், பிள்ளையும் அவன்ரைதான். மடியிலை வைச்சிருக்கிற சட்டமோ... சொல்லுறன், சொல்லுறன்.

நீங்களும் அதைத்தான் சொல்லுறியள். மரண அறிவித்தலிலை அவளின்ரை பேர் இல்லை, பிறகென்ன பெண்சாதி எண்டு. கனடாச் சித்தப்பா, லண்டன் மச்சாள், அவன் முகமே பாராத பெறாமக்கள் வரைக்கும் வரிசையாய்க் கிடக்கு. ஆறு வருசம் சோறு போட்டவள் இல்லை. செத்தவீட்டிலையும் பொம்பியேக்காரரோடை பின்னுக்குத்தான் நிண்டவள்.

ஆர் எழுதினதோ?

நான்தான் அண்ணை. அவன் என்ரை தம்பி. ஊரிலை அம்மா வாசிச்சால் என்ன செய்வா எண்டு விட்டிட்டன். ஒரு வரி.

மனோனுக்குத் தமிழ் தெரியாது. அறிவித்தலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைச்சுக்கொண்டு, என்ரை பேர் எங்கை எண்டு கேட்டாள். நான் வள்ளிநாயகி மாமியின்ரை பேரிலை விரலை வைச்சன். அந்த இடத்தைப் பாடமாக்கி வைச்சிருக்கிறாள்.

மடியிலை இருக்கிறது அந்தச் சட்டம்தான். தான் அவனுக்கு ஆர் எண்டு சங்கத்துக்குக் காட்டக் கொண்டு வந்திருக்கிறாள்.

கதவைத் திறந்திட்டினம், போங்கோ அண்ணை. பேனை உங்களிட்டையே இருக்கட்டும்.