தொட்டிக்கடியில் தண்ணீர்

— பூந்தொட்டியை மெதுவா திருப்புடி சிக்னே, அடிப்பக்கம் கையோட வந்துடும்.

— வந்தாச்சும்மா. இதோட நாலு. ரெண்டு நாள் மார்ச் வெயில் பட்டதும் பிஸ்கட் மாதிரி உதிருது. விரிசலைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சுடவா?

— எதுக்கு? வீட்டுக்கார அம்மணி கைத்தடியால ஒவ்வொண்ணாத் தட்டிப் பார்ப்பாங்க. நல்ல தொட்டின்னா மணியாட்டம் சத்தம் வரும். இது கட்டைச் சத்தம் போடும், காட்டிக் கொடுத்துடும்.

— குளிருக்குச் சாக்கு சுத்தி, கயிறு கட்டி, கைக்குழந்தைக்குக் குல்லா மாட்டுன மாதிரி வெச்சிருந்தியே. அப்புறம் எப்படி?

— சுத்தினது மேலதானே. அடியில இருக்கிற தண்ணித் தட்டை உருவல. மழைத் தண்ணி அதுலயே நின்னு, உறைஞ்சு, கீழேருந்து பிளந்துடுச்சு. நவம்பர்ல மார்ட்டின் நாள் விருந்து வாத்து அடுப்புல ஏறுறதுக்குள்ள தட்டை உருவிடணும்னு இந்த ஃப்யூன் தீவுல பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. நாளைக்கு, நாளைக்குன்னு விட்டுட்டேன்.

— பதினெட்டு வருஷம் மண்ணு சுமந்தவளுக்கு ஒரு நவம்பர்ல இடுப்பு பிடிக்கக் கூடாதாமா? என்ன சட்டம் இது?

— சட்டம் பேசாதே. இந்த வேலை போனா தோட்டக்காரி வீடும் போச்சு. அம்பத்தொம்பது வயசுல சட்டி பானையோட எங்கடி நிப்பேன்?

— என்கூட வந்து இரு.

— அந்த நாலாவது மாடியிலயா? ஒரே ரூமு. நீ திரும்பிப் படுத்தா நான் எழுந்து நிக்கணும்.

— அப்ப நான் பேசறேன். கோபன்ஹேகன்லேருந்து அவங்க கார் மதியம் உள்ள நுழையட்டும். ஒரு நாளாவது குனிஞ்சு ஒரு தொட்டி தூக்கியிருக்கீங்களா அம்மணின்னு மூஞ்சிக்கு நேரா கேக்கறேன்.

— ஐயோ, நீ வாயே திறக்கக் கூடாது!

— ஏம்மா, ஏன் பேசக் கூடாது?

— நேத்தே போன் பண்ணாங்க. உடைஞ்சதைச் சொல்லிட்டேன்.

— சொல்லிட்டியா! அட, என் அம்மாவா? அதுக்கு என்ன சொன்னாங்க?

— நீ கவலைப்படாதே யூட்டே, தோட்டக்காரி வீட்டுலயே இரு, ஈஸ்டருக்குப் புதுசு வாங்கிக்கலாம்னாங்க.

— அட ஆண்டவா! அதைச் சொல்லாம காலைலேருந்து என் உயிரை எடுத்துட்டு... நல்ல சேதிதானேம்மா?

— தட்டை உருவாம விட்டது யாருன்னு கேட்டாங்கடி.

— ம்?

— வேலிச்செடி வெட்ட வர்றாருல்ல, வித்மன்டாஸ்...

— அந்த லிதுவேனியாக்காரரா? நீ இடுப்பு பிடிச்சுக் கிடந்தப்போ காசு வாங்காம விறகு பிளந்து போட்டாரே, அவரா?

— அவர் பேரு வாயில வந்துடுச்சு.

— அம்மா!

— கத்தாதே, வேலியோரமாத்தான் நிக்கறாரு. அவருக்கு இன்னும் தெரியாது. நாளையிலேர்ந்து வரவேணாம்னு நாலு வரி எழுதி, அம்மணி கையெழுத்துக்கு ரெடியா வெக்கணுமாம். எனக்கு அதெல்லாம் எங்கடி வருது? நீ படிச்சவ, அதான் வரச் சொன்னேன்.