அட்டவணையில் இல்லாத பஸ்

– ஏழு அஞ்சுக்கு டிப்போ வாசல்ல ஏறினா, பத்து இருபதுக்குப் பள்ளத்தாக்கு முகப்பு. நடுவுல ஒரு இடத்துல டீக்குப் பத்து நிமிஷம் நிக்கும்.

– பத்து நிமிஷம்ங்கறது தாள்ல மாப்ள. டிரைவர் டீயக் குடிச்சு, போன்ல பேசி, டயரை ஒரு உதை உதைச்சுட்டு வர இருபது ஆகும். முப்பத்தொரு வருஷம் நான் பார்த்த வேலை அது.

– அந்த இருபதைச் சேர்த்துதான் போட்டிருக்கேன் மாமா.

– சேர்த்தாச்சா… டைம்கீப்பர்னா சும்மாவா. பாப்பா சொல்லும், 'அப்பா, இவரு பல்லு விளக்கறதுக்கும் ஷீட் போடுவாரு'ன்னு.

– போட்டதில்ல.

– சிரிக்கறதுக்குச் சொன்னேன்.

– சரி மாமா.

– மேல படிங்க. பத்து இருபதுக்கு அப்புறம்?

– பத்து நாற்பது வரைக்கும் டிக்கெட் வரிசை. பத்து அம்பத்தஞ்சு, முதல் காட்சி முனை. செம்பாறைச் சுவர் முழுசும் அங்கேர்ந்துதான் தெரியுமாம். பதினொண்ணே முக்கால், ரெண்டாவது முனை. ஒரு மணிக்குச் சாப்பாடு. மூணாவது முனைக்குப் படி இறங்கணும். நூத்தி நாற்பது படி.

– முட்டி தாங்கும்.

– யார் முட்டி?

– என் முட்டிதான். நானும் வர்றேன்ல.

– நீங்க வர்றீங்கன்னு யாரு சொன்னா?

– நான்தான் சொல்றேன். இப்ப.

– மாமா… நீங்க கண்ணு டாக்டரைப் பார்க்க வந்ததா சொன்னீங்க.

– ஆமா. பார்த்துட்டா போச்சு. கண்ணு எங்க ஓடிடப் போகுது?

– ஞாயித்துக்கிழமை எந்த டாக்டர் இருக்காரு?

– அதான் இன்னிக்கு இல்லையே. நாளைக்குப் பார்த்துட்டு, ரெண்டு நாள் இங்கயே தங்கிட்டு, புதன்கிழமை உங்ககூட வர்றேன். புதன்தானே உங்க வீக் ஆஃப்?

– புதன்தான். ஆனா இது ஒருத்தருக்குப் போட்ட பிளான் மாமா.

– பஸ்ஸுல அம்பத்திரண்டு சீட்டு இருக்கு.

– அதுக்கில்ல. உங்க பொண்ணு பார்க்கணும்னு ஆசைப்பட்ட இடம். தனியாப் போய்ப் பார்த்துட்டு…

– பார்த்துட்டு?

– பார்க்கணும். அவ்வளவுதான்.

– ம்… கொஞ்சம் தண்ணி குடிக்கறேன். அட, ஃபிரிட்ஜ் ஏன் திறந்து கிடக்கு?

– கழுவினேன்.

– உள்ள ஒண்ணுமே இல்ல. ஸ்விட்சையும் அணைச்சிருக்கீங்க.

– ஒரு ஆளுக்கு எதுக்கு ஃபிரிட்ஜ்?

– ஒரு ஆளுன்னா சூடா தண்ணி குடிக்கணுமா? போகட்டும். பானைத் தண்ணியே போதும்… தையல் மெஷினையும் காணோமே?

– பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுத்துட்டேன். சும்மா கிடந்தது.

– தெரியும். அந்தம்மா நேத்து உங்க அத்தைக்குப் போன் பண்ணிச்சு. 'இவ்வளவு நல்ல மெஷினை வச்சுக்கங்கன்னு தூக்கிட்டு வந்து குடுத்துட்டாரு, வாங்கலாமா வேண்டாமான்னு தெரியல'ன்னு.

– அதுக்குத்தான் காலங்காத்தால முதல் பஸ் ஏறி வந்தீங்களா?

– இல்லையே. கண்ணு டாக்டருக்கு.

– மாமா.

– சொல்லுங்க.

– …ஒண்ணுமில்ல.

– நான் ஒரு வார்த்தை கேக்கட்டுமா மாப்ள?

– வேண்டாம் மாமா.

– சரி. கேக்கல… ஷீட்டைக் குடுங்க. கண்ணாடி போட்டுப் பார்க்கறேன்.

– கண்ணுலதான் கோளாறுன்னீங்க?

– டைம் ஷீட் படிக்கற கண்ணு நல்லாத்தான் இருக்கு. கோளாறெல்லாம் மத்ததுக்குத்தான்.

– கையெழுத்து அவசரத்துல எழுதினது.

– முத்து முத்தா இருக்கு. எப்பவும் இப்படித்தான். என் மேல ரிப்போர்ட் எழுதினப்பவும் இதே எழுத்துதான்.

– அது இன்னும் ஞாபகம் இருக்கா?

– மறக்குமா? வேலைக்குச் சேர்ந்து நாலு நாள் ஆன பையன், ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கற டிரைவர் மேல ஒன்பது நிமிஷம் லேட்டுன்னு எழுதறான். டிப்போவே சிரிச்சுது. நான் நேரா வீட்டுக்குப் போய் உங்க அத்தைகிட்ட, 'பாப்பாவுக்கு மாப்ள கிடைச்சாச்சு'ன்னேன்.

– நான் அப்ப உங்க பொண்ணைப் பார்த்ததுகூட இல்ல.

– அதனால என்ன? சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வர்றவனாப் பார்த்தேன். வந்தீங்க. குறையே சொல்ல முடியாது.

– குறை இருக்கு. ரெண்டு தடவை இந்தப் பள்ளத்தாக்குக்கு ஷீட் போட்டேன். ரெண்டு தடவையும் லீவை ரத்து பண்ணிட்டாங்க. ஆள் இல்லைன்னாங்க. நானும் சரின்னுட்டேன். 'அடுத்த மாசம் போலாம், பாறை எங்கயும் போயிடாது'ன்னு அவகிட்ட சொன்னேன்.

– பாறை போகல.

– ஆமா.

– பாப்பா காய்ச்சல்னு பதினோரு நாள் ஆஸ்பத்திரில கிடந்து போயிடுச்சு. அது உங்க ஷீட்லயும் இல்ல, என் ஷீட்லயும் இல்ல. விடுங்க.

– எட்டு மாசமா எல்லாரும் விடுங்கன்னுதான் சொல்றாங்க மாமா. எதைன்னு யாரும் சொல்லல.

– …எனக்கும் தெரியல.

– காப்பி போடட்டுமா?

– பால் இருக்கா?

– இல்ல.

– அப்புறம் என்னத்தப் போடுவீங்க? உட்காருங்க. ஷீட்டைப் பார்ப்போம். மூணாவது முனைக்கு அரை லிட்டர் தண்ணின்னு எழுதியிருக்கு. பத்தாது. ரெண்டு பாட்டில் மேலேர்ந்தே கொண்டு போகணும். கீழ குழாயைத் திறந்தா காத்துதான் வரும்.

– இன்டர்நெட்ல குடிதண்ணி உண்டுன்னு போட்டிருந்ததே.

– போட்டிருப்பான். அப்புறம் பழைய அட்டை ஒண்ணு எடுத்துக்கங்க.

– அட்டையா? எதுக்கு?

– அங்க பச்சைப் பெயின்ட் அடிச்ச பெஞ்சு ஒண்ணு இருக்கு. இடது பக்கத்துக் கால் ஆடும். அட்டையை நாலா மடிச்சு அடில வச்சாத்தான் உட்கார முடியும்.

– மாமா, அந்தப் பக்கம் நீங்க வண்டி ஓட்டினதே இல்லையே. ஒரு தடவைகூடப் பார்த்ததில்லைன்னு அவகிட்ட நீங்கதானே சொன்னீங்க?

– பார்த்ததில்லதான். பழைய கண்டக்டர் ஒருத்தன் சொன்னான்.

– பெஞ்சுக் கால் ஆடறதையா சொன்னான்?

– கண்டக்டர் வாய் சும்மா இருக்குமா? நாள் முழுக்கப் பேசிப் பழகின வாய்.

– ம்…

– மூணு மணி, மூணாவது முனை. சரி… இதுக்குக் கீழ ஒண்ணுமில்லையே. தாளைத் திருப்பினாலும் வெள்ளையா இருக்கு.

– அவ்வளவுதான் பிளான்.

– வர்ற நடை எங்க? திரும்பி வர்ற டிரிப்பு?

– …எழுதல.

– டைம்கீப்பர் மாப்ள நீங்க. உங்க சர்வீஸ்ல என்னிக்காவது போற நடையை மட்டும் எழுதி ஒரு வண்டியை அனுப்பியிருக்கீங்களா?

– இல்ல.

– அப்படி அனுப்பினா என்ன பண்ணுவாங்க?

– மெமோ குடுப்பாங்க.

– மெமோ என்ன, வீட்டுக்கே அனுப்புவாங்க. முன்னாடி போட்ட ரெண்டு ஷீட்டையும் பாப்பா எனக்குக் காட்டிச்சு. அதுல வர்ற நடை இருந்துச்சு. ராத்திரி எட்டு மணி டிப்போ, எட்டே கால் வீடுன்னு எழுதி, அதுக்குக் கீழ 'குளியல்'னு வேற போட்டிருந்தீங்க. பாப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது.

– மறந்திருப்பேன் மாமா. இப்ப நிறைய மறந்து போகுது.

– ஒன்பது நிமிஷத்தை மறக்காத ஆளு.

– கடைசி பஸ்ஸை இப்ப மூணே காலுக்கு மாத்திட்டாங்க. மூணாவது முனைக்கு இறங்கிட்டு மேல ஏறி வந்து அதைப் பிடிக்க முடியாது. அதான் காலியா விட்டேன்.

– அப்ப மூணாவது முனையை விட்டுட வேண்டியதுதானே?

– அவ அந்த இடத்தைத்தான் பார்க்கணும்னா. ஆறு நூல் மாதிரித் தெரியுமாம்.

– தெரியும்… தெரியும்னு சொன்னான், அந்தக் கண்டக்டர். சரி, பஸ் இல்லைன்னா ராத்திரி எங்க தங்கப் போறீங்க?

– அங்க எங்கயாவது… அந்தக் கவரைத் தொடாதீங்க மாமா.

– வீட்டுச் சாவி ஏன் இந்தக் கவர்ல கிடக்கு? மேல என் பேரு எழுதியிருக்கு?

– இங்கேர்ந்து போறப்ப உங்ககிட்ட குடுக்கலாம்னு… நீங்க எப்பவாச்சும் வந்தா…

– நான் வந்தா நீங்க கதவைத் திறப்பீங்க.

– மாமா, கையை விடுங்க.

– விடமாட்டேன்.

– நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே.

– ஒண்ணும் சொல்லலைங்கறதுதான் மாப்ள. பேனாவைக் கையில எடுங்க. வர்ற நடை எழுதுங்க. நான் சொல்றேன். ஆறே கால்.

– ஆறே காலுக்கு அங்கேர்ந்து வண்டியே கிடையாது. அந்த ரூட்டு மொத்தமும் எனக்கு மனப்பாடம்.

– உண்டு. அங்க கடை போட்டிருக்கறவங்களையும் வாட்ச்மேனையும் ஊருக்குக் கொண்டுபோய் விடற வண்டி. எந்த அட்டவணையிலயும் இருக்காது. நின்னா ஏத்திக்குவாங்க.

– அட்டவணைல இல்லாத வண்டி உங்களுக்கு எப்படித் தெரியும்? இதையும் கண்டக்டர்தான் சொன்னானா?

– கண்டக்டரும் இல்ல, ஒருத்தனும் இல்ல. போன மாசம் உங்க அத்தைகிட்ட கண்ணு டாக்டர்னு சொல்லிட்டு, நானும் வர்ற நடை எழுதாமத்தான் அங்க போனேன். அந்த பெஞ்சுல உட்கார்ந்தே இருந்தேன். தொப்பி விக்கற பொம்பளை ஒருத்தி கடையைக் கட்டிட்டு வந்து, 'பெரியவரே, வண்டி நமக்காக நிக்குது, அந்தாளு ஹாரன் அடிச்சே என் உசுரை வாங்கறான், எழுந்திருங்க'ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா. அந்த நூத்தி நாற்பது படியும் கையை விடல… எழுதுப்பா. ஆறு பதினஞ்சு. ரெண்டு பேர்னு போடு.