நீலக் கலர்ல ஒரு குப்பி

ஏமாத்திப்புட்டான்வே அந்தப் பய! இருவது வருசமா இந்தத் தாராவியில பழைய தகர டின்னு வாங்கி விக்கேன்... ஓட்ட டின்ன நல்ல டின்னுன்னு இந்தக் கணேசபாண்டியன் தலையில எவனாவது கட்டியிருக்கானா? இவன் கட்டிட்டான்! வெளிய பாத்தா பளபளன்னு இருந்துது. உள்ள பூராவும் கெட்ட சரக்கு!

யாரா? சொல்லுதேன், சொல்லுதேன். உக்காரும். டாக்டரு கூப்பிட இன்னும் மூணு பேரு இருக்காவ. தொணைக்கி வந்தவருக்கு என்னவே அவசரம்?

சக்கர வியாதி வந்த நாளா இந்த டிஸ்பென்சரி பெஞ்சத் தேய்ச்சிக்கிட்டுக் கெடக்கேன். கட்டவெரல்ல புண்ணு, பாத்தீரா? ஆற மாட்டேங்கு. இப்படியே போனா வெரல எடுக்கணும்ங்காரு பார்சி டாக்டரு. மூத்திரத்தக் குப்பியில கொண்டாரச் சொல்லி, ஒரு நீல மருந்துல ஊத்திக் காய்ச்சுவாரு. நீலமாவே நின்னா நீரு ராசா. பச்சைன்னா பரவால்ல. செங்கல் கலரு வந்தா போச்சு! எனக்கு மூணு மாசமாச் செங்கல்தான்.

எப்படி வராம இருக்கும்? நம்ம பொழப்பு அப்படி. பேரம் படிஞ்சா டீ. கிளாசுல மிச்சம் வச்சா பேச்சு முறிஞ்சிதுன்னு அர்த்தம். யுத்தத்துல சீனிய ரேசன்ல அளந்து குடுக்கான்... அதுலயும் எனக்கு டின்னு விக்குத மெஹராஜ் பாய் எனக்குன்னு நாலு கரண்டி அள்ளிப் போடுதாரு. வேண்டாம்னா மூஞ்சி சுருங்கிரும். வியாதின்னு சொல்லலாம்தான்... சொன்னா பாவம் பாத்து வெலயக் கொறச்சிருவாரே! சண்ட போடாமக் கொறஞ்ச வெலயில என்னவே ருசி? அதாம் உம்மக் கூட்டிட்டுப் போனேன். கூட்டாளி குடிச்சா நான் குடிச்ச மாதிரின்னுட்டேன். நீரும் ஒரு நாளைக்கி ஏழு கிளாசு, எட்டு கிளாசு, சளைக்காமக் குடிச்சீரு. எம் பொண்டாட்டி ஆறுமுகத்தாயி வேற, 'பக்கத்து வீட்டுல ஒத்தையாளா இருக்காரு'ன்னு எங்க ரேசன் சீனியவும் உமக்கே தூக்கிக் குடுத்துட்டா.

டீய விட்டும் செங்கல்தான் வந்துது. ஏன்னா வீட்டுக்குப் போற வழியில ஒரு அல்வாக் கட... சரி, அத விடும்! அவகிட்டச் சொல்லிராதீரும்.

ஊசியக் கொறையும்னு டாக்டர்ட்ட பேரம் பேசுனேன். 'மொதல்ல நீலத்தக் காட்டு, சேட்'டுன்னாரு. நீலந்தான வேணும்? நோய்நொடி இல்லாத ஒரு ஆளுகிட்ட ஒரு குப்பி வாங்கியாந்து, என்னோடதுன்னு நீட்டிட்டேன். ஒத்தையில எட்டு மூட்ட தூக்குத ஒடம்புவே அவனுக்கு! காய்ச்சுனாரு பாரும்... செங்கல்லு என்ன செங்கல்லு, சூளையே எரியிது! 'ஊசி ரெட்டிப்பு'ன்னாரு. அங்கனயே உண்மையக் கக்கிட்டேன். யப்பா, என்ன ஏச்சு! 'பேரம் தகரத்துக்கு, மூத்திரத்துக்குக் கெடையாது! தனக்கு வியாதி இருக்கதே அந்த ஆளுக்குத் தெரியாதே, ஒடனே கூட்டிட்டு வா'ன்னுட்டாரு.

எங்கவே எந்திரிக்கீரு? உக்காரும்! எதுக்குன்னு கேக்காமக் குப்பி தந்தது யாரு? ஒரு மாசமா 'தாகம், தாகம்'னு கொடங்கொடமாத் தண்ணி குடிக்கது யாரு? செருப்ப விடும்வே, நான் புடிச்சாச்சு. சரி... அந்த டீய எல்லாம் உமக்கு ஊத்துனவன் நான்தான். இல்லன்னா சொல்லுதேன்? நாளைக்கி மெஹராஜ் பாய்ட்ட நானே சொல்லுதேன், ரெண்டு கிளாசு, ரெண்டுலயும் சீனி போடாதீரும்னு. பாவம் பாத்து வெலயக் கொறச்சாருன்னா அவரோடயும் சண்டதான்!

அந்தா, 'நெல்லையப்பன்'னு கூப்பிடுதாவ. ஆமா, உம்ம பேருதான். நான்தான் எழுதிக் குடுத்தேன். கெட்ட சரக்கத் தந்தவன் மாத்திக் குடுக்கணும், அதாம் நம்ம மார்க்கெட்டு வழக்கம். உள்ள போயி அவரு சொன்னபடி கேட்டு, ஊசி போட்டு, எங்கூட மைல் கணக்கா நடந்து... எனக்கு நீலக் கலர்ல ஒரு குப்பி தாரும்வே!