அறுபத்தொரு ரீடுகள்

வைக்கோலில் இரண்டு விதம் உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா. இந்தப் பிசானப் போகத்தில் அறுத்தது பார்க்கப் பொன்னாக இருக்கும். உள்ளே ஈரம் நிற்கும். அதைப் பெட்டியில் திணித்தால் கப்பல் ஏறுமுன்பே பித்தளை பச்சை பூத்துவிடும். போன வருஷத்து வைக்கோல்தான் வேண்டும். அதற்காக நான் அம்பாசமுத்திரம் வரை போய் வந்தேன். சாமானைப் பத்திரமாக அனுப்ப நினைக்காதவன் அவ்வளவு அலைவானா?

பாளையங்கோட்டை வேதக்கோவிலில் பத்தொன்பது வருஷம் அந்த ஆர்மோனியத்தை வாசித்தவன் நான். காலால் மிதிக்கிற பெரிய வகை. நாலு ஆள் பிடித்தால்தான் நகரும். புதிதாக ஒன்று சீமையிலிருந்து வந்தது. அதை வாசிக்கத் துரைசானி அம்மாள் ஒருவரும் வந்தார். பழையதை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நம் ஜனங்கள் கட்டிய சிறு கோவிலுக்குக் கொடுப்பதென்று சபையார் தீர்மானித்தார்கள். அங்கே வாசிக்க ஓர் ஆளும் வேண்டுமென்றார்கள். நான் மனுப் போட்டேன். பாக்கியசீலனை அனுப்பினார்கள். எனக்கு ரீடு துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன். பெட்டி கட்டுவதற்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள்.

ரீடு என்பது விரல் நீளப் பித்தளை நாக்கு. ஒரு சுரத்துக்கு ஒன்று. அதைக் கையில் எடுத்தால் பாக்கியசீலன் உடனே உதட்டில் வைத்து உறிஞ்சி ஒலி பார்ப்பான்.

"ஏலே, எச்சி பட்டா பித்தளை கெட்டுப்போகும்லா. வாயில வைக்காத" என்று பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"நீங்க மாட்டி, மிதிச்சு, அப்புறம் யோசிப்பீக அண்ணாச்சி. நமக்கு வாயில வச்சாலே தெரிஞ்சிரும். தோட்டத்துக்காரன் என்னய ஏன் கூப்பிடுதான்னு நெனைக்கீக?"

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் நிற்கையில் இப்படிச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது.

அவன் தை மாதமே முன்னால் போய்விட்டான். பங்குனியில் நான் பெட்டி கட்டினேன். அடியில் உமி மூட்டை, நாலு மூலைக்கும் கட்டை, சுற்றிலும் அந்த வைக்கோல், மிதிபலகை ஆடாமல் கயிறு. ரீடுகளை உள்ளே விட்டால் குலுக்கலில் ஒடியும். கழற்றி, ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, தனியாக ஒரு சிறு பெட்டியில் வைத்தேன். கப்பலுக்குக் காத்துச் சாமான் கிடக்கும் தூத்துக்குடிக் கிட்டங்கிகளில் கரையான் அதிகம். அதனால் வெள்ளைப் பாஷாணம் தூவினேன். கரையான் பித்தளையைத் தின்னுமா என்று கேட்டீர்கள். தின்னாது. துணியைத் தின்னும். துணியில் தூவியது பித்தளையிலும் ஒட்டினால் நான் என்ன செய்ய?

கட்டி முடிக்கும்போது அவன் மனைவி சாலோமி ஒரு ஜாடியோடு வந்தாள்.

"அண்ணாச்சி, நார்த்தங்கா ஊறுகா. ஒரு ஓரமா வச்சிருங்க. அவுகளுக்கு அங்கன சோறே எறங்கலையாம்."

"பாஷாணம் வச்சிருக்கேன் தாயி. திங்கிற சாமானை இதுகூட வைக்கப்படாது."

"நல்லவேளை சொன்னீக. ஊறுகா திங்க ஆள் வேணும்லா" என்று சிரித்துக்கொண்டே ஜாடியைத் திருப்பிக் கொண்டுபோனாள்.

என் ஜாக்கிரதையைக் காட்டத்தான் அவள் இதை உங்களிடம் சொன்னாள். நீங்கள் வேறு மாதிரி எழுதிக்கொண்டீர்கள்.

ஆர்மோனியம் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்ததென்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கடிதம் எழுதியிருக்கிறார். பாக்கியசீலன் விஷயம் இரண்டாம் பக்கத்தில் வருகிறது. காலையில் உட்கார்ந்து, ரீடுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒலி பார்த்தானாம். மத்தியானம் வாந்தி. மூன்றாம் நாள் அடக்கம் செய்தார்கள். முப்பத்தெட்டு ரீடுகள் மேஜையில் வரிசையாக இருந்தனவாம்.

வாயில் வைப்பான் என்று தெரிந்தே தூவினாயா என்கிறீர்கள். தெரிந்தேதான் தூவினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எச்சரிக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். 'இதில் பாஷாணம் உண்டு, வாயில் வைக்க வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு எழுதினேன். பறந்துவிடக் கூடாதே என்று அதைச் சிறு பெட்டியின் அடிப்பலகையில் பசை தடவி ஒட்டி, அதன்மேல் ரீடுகளை அடுக்கினேன். இன்னும் இருபத்துமூன்று எடுத்திருந்தால் வாசித்திருப்பான். அவனுக்குப் பொறுமை எப்போதுமே கொஞ்சம் குறைவுதான்.