‘பெர்சிஸ்ட்’ என்றொரு கட்டளை

லினக்ஸ் கணினியில் இணைய இணைப்பு அமைப்பதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது உண்டு. முப்பது வருடம் நில அளவை செய்தவன். ஒரு கோடு பிசகினாலும் முதலிலிருந்து அளப்பேன்.

கணினி பழுதுபார்க்கும் என் தம்பி மகன் வந்து, மோடத்தைத் தொலைபேசிக் கம்பியில் மாட்டிக் கொடுத்தான். அழைக்க வேண்டிய எண், கடவுச்சொல் எல்லாவற்றையும் கோப்பில் நானே தட்டச்சு செய்தேன். கடைசியில் ‘பெர்சிஸ்ட்’ என்று ஒரு சொல். இணைப்பு அறுந்தால் இயந்திரம் தானாகவே மறுபடி எண்ணைச் சுழற்றும்.

“பெரியப்பா, அது வேணாம். வீட்டுல இருக்கிறது ஒரே லைன். யார் கூப்பிட்டாலும் பிஸின்னுதான் வரும்.”

“யார் கூப்பிடப் போறாங்க?”

அவன் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தான். “உங்க பிடிவாதத்துக்கு ஏத்த வார்த்தைதான்” என்று ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டான்.

என் மனைவி ஓய்வுபெற்ற பிரசவ நர்ஸ். என் மகள் தானாக ஒருவனைத் தேடிக்கொண்டு போய், நான்கு தெரு தள்ளிக் குடியிருந்தாள். நிறைமாதம். மருத்துவமனையோ தூரம். “வலி எடுத்ததும் ஒரு ஃபோன் போடு, பத்து நிமிஷத்துல ஓடி வந்துடுறேன்” என்று மனைவி ரகசியமாகச் சொன்னது என் காதில் விழுந்தது. மறுநாள் மோடம் வாங்கினேன்.

பத்து நாள் கழித்து, காலை பத்து மணிக்கு இணைப்பு அறுந்தது. இயந்திரம் மறுபடி அழைக்கக் கம்பியைப் பிடித்த அதே நொடியில் மகளுடைய அழைப்பும் வந்து சேர்ந்துவிட்டது. மோடத்தின் சின்ன ஒலிபெருக்கியில் அவள் குரல்.

“அம்மா, ரத்தமா போகுதும்மா. அவரு வேலைக்குப் போயிட்டாரு. எதாவது பேசும்மா.”

அந்தக் குரலின் மேலேயே இயந்திரம் எண்களை அழுத்திவிட்டு, பதிலுக்காக அறுபது வினாடி காத்திருந்தது. அறுபது வினாடியும் அவள் பேசினாள். ரிசீவர் என் முழங்கைக்கு அருகில்தான் இருந்தது.

மனைவி ஈரக் கையோடு வந்தாள். “நம்ம பொண்ணு குரல் மாதிரி கேட்டுச்சே?”

“மிஷின் சத்தம். உனக்கு எப்பவும் அவ நினைப்புதான். போய் வேலையைப் பாரு.”

அவள் போனதும் கோப்பைத் திறந்து, ஒலிபெருக்கியை வாயடைக்கும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தேன். ஓர் எம், ஒரு பூஜ்யம். அடுத்த முயற்சியில் இணைப்பு கிடைத்தது. மாலைவரை அறுபடவில்லை. நல்ல லைன்.

பக்கத்து வீட்டார் மதியம் கதவைத் திறந்து பார்த்தபோது இரண்டு உயிரும் போயிருந்தன. தொலைபேசி நிலையத்தின் தாளில் பதினேழு அழைப்புகள் இருப்பதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். நான் கேட்டது ஒன்றைத்தான்.

ஆம், தெரிந்துதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவள் படியிறங்கிப் போன அன்றே, மகள் இறந்துவிட்டாள் என்று வெளியூர்ச் சொந்தங்கள் அத்தனை பேருக்கும் கடிதம் போட்டுவிட்டேன். பதினோரு மாதம் அது பொய்யாகவே கிடந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் பொய் சொன்னதில்லை.